பெட்டிக்குள் ஒரு மலைப்பூச்சி

செங்கொடி நீலகிரியிலிருந்து வியாசர்பாடிக்குப் புறப்பட்டபோது தோளில் ஒரு துணிப்பையும் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டியும் இருந்தன. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ஐஸ்கிரீம் வியாபாரமா?" என்று விசாரித்தார். "இல்லீங்க, பூச்சி" என்றாள்.  ஊர் வந்து சேரும்வரை அவர் கால்களைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் ஐஸ் பைகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவில் ஈரப்பாசி. பாசிக்குள் புளியங்கொட்டையில் பாதி இருக்கும் ஒரு கூட்டுப்புழு. மலை உச்சிப் புல்வெளியில் மட்டும் வாழும் ஒரு சின்ன விட்டில்பூச்சி அதற்குள் உருவாகிக்கொண்டிருந்தது. வளர்ந்தால் சுண்டுவிரல் நகம் அளவு வரும். சாம்பல் நிறம். பார்க்க ஒரு விசேஷமும் கிடையாது. ஆனால் அந்த இனத்தில் ஆண்பூச்சியை மட்டும்தான் இதுவரை பார்த்திருந்தார்கள். பெண்பூச்சி எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. செங்கொடி மலையில் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கல்லைப் புரட்டுவதும் புல்தூரைப் பிரிப்பதுமாகத் தேடினாள். சித்திரை பிறந்தபிறகுதான் இது கையில் அகப்பட்டது. லென்ஸ் வைத்து வயிற்றுப் பக்கத்துக் கோடுகளைப் பார்த்தாள். பெண்தான்.

பூச்சி வெளியே வரப்போகிற நேரம் பார்த்து அப்பா கிருஷ்ணப்பனுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மகள் வராமல் ஆஸ்பத்திரி வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தார். மலையிலோ கோடைமழையில் மரம் விழுந்து கரண்ட் இல்லை. கூட வேலை செய்யும் பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். ஆகவே கூட்டுப்புழுவும் பயணப்பட்டு வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் பெரிய கட்டோடு கிருஷ்ணப்பன் ஆட்டோவிலிருந்து இறங்கியதை வாரியக் குடியிருப்பின் எல்லா மாடியும் எட்டிப் பார்த்தது. அவருக்கு நடக்கத் தெம்பு இருந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றதும் கொஞ்சம் தள்ளாடினார். மகள் தோளில் முழு பாரத்தையும் போட்டு, படிக்குப் படி நின்று, மூன்றாவது மாடிக்கு ஏறினார். கீழ்வீட்டு சிவந்தி அன்று ராத்திரியே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: "கிஷ்ணப்பண்ணன் தேறாது போலக்கீது."

வீட்டில் பூச்சிக்கு இடம் ஃபிரிஜ்ஜில்தான். செங்கொடியின் அம்மா பூவம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

"இன்னாது, அந்துப்பூச்சியா? நம்ம அரிசி டப்பாவுல இல்லாத அந்துப்பூச்சியவா மலைலேர்ந்து தூக்கினு வந்துகீற?"

"இது வேறம்மா. இத்த யாருமே பாத்ததில்ல."

"அரிசி டப்பாவுல கீறதையும் நான் யாருக்கும் காட்டுனதில்ல."

ஆனாலும் தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் இடம் ஒதுக்கித் தந்தாள். மறுநாளே ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளப் போய்ப் பாசியில் கைவைத்துவிட்டாள். செங்கொடி போட்ட கூச்சலில் ஃபிரிஜ்ஜின் மேலிருந்த புத்தர் சிலை ஆடியது. கிருஷ்ணப்பன் சொட்டு மருந்து எடுக்கிறேன் என்று ஒற்றைக் கண்ணோடு தடவித் தடவி அந்த டப்பாவைத்தான் ஒவ்வொரு முறையும் கையில் எடுத்தார். செங்கொடி ஃபிரிஜ்ஜுக்கு எதிரே பாய் போட்டுக் காவல் இருந்தாள். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்து வீங்கிவிட்டன.

அக்கினி வெயில். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஏசி ஓடியதில் வோல்டேஜ் இறங்கி இறங்கி, ஒருநாள் காலையில் ஃபிரிஜ் ஒரு பெரிய விக்கல் விக்கி நின்றுபோனது. பூவம்மா மாவையும் தயிரையும் வஞ்சிரத் தலையையும் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு புளியந்தோப்பில் இருக்கும் தங்கை வீட்டு ஃபிரிஜ்ஜுக்கு ஓடினாள். செங்கொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். கட்டு பிரித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கிருஷ்ணப்பன், காவலுக்கு இருந்த இரண்டு பேரும் போய்விட்டதைக் கவனித்தார். வெயிலிலும் தூசியிலும் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்போனை வைத்துவிட்டு, பின்பக்கப் படியில் இறங்கி, காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பினார்.

கீழே டில்லிபாபு வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். செங்கொடியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். இறந்தவர்களின் உடலைச் சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை வைத்திருக்கும் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது அவன் தொழில். விஷயத்தைக் கேட்டான்.

"எம்மாங் குளுரு வோணும் உன் பூச்சிக்கு?"

"மலை மேல கீற மாதிரி. ஒறையவும் கூடாது, சுடவும் கூடாது."

"அட, அதுக்கா இந்த ஓட்டம்? நம்ம பெட்டி ஒண்ணு சொம்மாத்தான் கீது. திருகுனா எந்தக் குளுரு வோணாலும் நிக்கும். மேல கண்ணாடி. சோக்கா உள்ள பாக்கலாம்."

செங்கொடி ஒரு கணம் யோசித்தாள். டப்பாவுக்குள் கைவைத்துப் பார்த்தாள். பாசி வெதுவெதுவென்றிருந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

பெட்டி மாடிப்படியில் திரும்பாது. ஆகவே கட்டடத்து வாசலிலேயே இறக்கினார்கள். வெயில் படாமலிருக்க டில்லிபாபு மேலே தார்ப்பாய் கட்டினான். கரண்டை நம்ப முடியாது என்று ஜெனரேட்டரையும் போட்டுவிட்டான். பெட்டியின் நடுக்கம் பூச்சிக்குப் படக் கூடாது என்று செங்கொடி உள்ளே ஒரு தலையணை வைத்து அதன்மேல் டப்பாவை வைத்தாள். வெளிச்சம் ஆகாது என்று கண்ணாடிமேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்தாள். எல்லாம் திருப்தியாக இருந்தது. "டீசல் வாங்கினு வந்துர்றேன்" என்று டில்லிபாபு போனான். செங்கொடி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போர்வை ஓரத்தை விலக்கி உள்ளே பார்த்தபடி இருந்தாள்.

தெருவுக்கு என்ன தெரிந்தது என்றால், ஐஸ் பெட்டி, தார்ப்பாய், வெள்ளைப் போர்வை, பக்கத்தில் கண் வீங்கிய மகள்.

முதலில் சேர் வாடகைக் கடைக்காரர் பார்த்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. டில்லிபாபுவின் பெட்டி இறங்கினால் இவருடைய சேரும் இறங்கும். அது பல வருஷத்துப் பழக்கம். பிளாஸ்டிக் சேர்களை வரிசையாகப் போட்டுவிட்டு, செங்கொடியிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தார். நாற்காலி போட்டிருப்பதைப் பார்த்து நாலு பேர் உட்கார்ந்தார்கள். நாலு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டீக்கடைப் பையன் கேனோடு வந்தான்.

சிவந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடிவந்து செங்கொடியைக் கட்டிக்கொண்டாள்.

"எப்போடி ஆச்சு?"

செங்கொடி பூச்சியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தாள். மூன்றாவது மாடி ஃபிரிஜ்ஜில் என்ன இருக்கிறது என்பது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்பது அவள் எண்ணம்.

"நேத்துலேர்ந்தே கறுத்துகினு வந்துச்சுக்கா. காலைல அசைவு நின்னுபோச்சு."

"அடக் கடவுளே. ரொம்பக் கஷ்டமா?"

"கஷ்டம் இனிமேதான். வெளிய வரணும்ல."

"வருவ, கண்ணு. நாளானா எல்லாத்துலேர்ந்தும் வெளிய வந்துருவ."

"நாளாவாதுக்கா. இன்னிக்கே வந்துரும்."

சிவந்தி எழுந்து போய் மற்றப் பெண்களிடம் மெதுவாகச் சொன்னாள்: "பொண்ணுக்குப் புத்தி பிசகிப்போச்சு. யாரும் எதுவும் கேக்காதீங்க."

அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. செங்கொடிக்கு அது வசதியாகப் போயிற்று. கூட்டம் கூடுவதை அவள் சரியாகக் கவனிக்கவே இல்லை. பார்த்தவரை, ஊர்க்காரர்கள் அறிவியலில் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்களே என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. கூட்டுப்புழுவின் முதுகில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்ததும், கேமரா எடுக்க மூன்று மாடியும் ஓடினாள். பேட்டரியில் சார்ஜ் இல்லை. இன்னொரு பேட்டரியைத் தேடி வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்தாள்.

அந்த நேரத்தில்தான் மாரியப்பன் வந்தார்.

மாரியப்பனும் கிருஷ்ணப்பனும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். தொழிற்சாலைக் கால்பந்து அணியில் மாரியப்பன் கோல்கீப்பர், கிருஷ்ணப்பன் அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர். ஒரு இறுதி ஆட்டத்தில், முடியப்போகிற நேரத்தில், பந்து இருவருக்கும் நடுவில் உருண்டு வந்தது. பின்னாலிருந்து மாரியப்பன் ஏதோ கத்தினார். கிருஷ்ணப்பன் ஒதுங்கி வழிவிட்டார். பந்து மாரியப்பனின் கால் நடுவே புகுந்து கோலாகிவிட்டது. "வுடுன்னு கத்துனான், வுட்டேன்" என்றார் கிருஷ்ணப்பன். "எடுன்னுதான் கத்துனேன்" என்றார் மாரியப்பன். அன்றைக்கு நின்ற பேச்சு. இருவரும் ஓய்வு பெற்று, தலை நரைத்து, அடுத்தடுத்த தெருவில் இருந்தும், ஒருவர் வரும் வழியில் மற்றவர் போவதில்லை.

இப்போது மாரியப்பன் கையில் ஆளுயர மாலை. நடை தளர்ந்திருந்தது. கூட்டம் வழிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, "மூஞ்சியக் கடைசியா ஒரு தபா பாத்துக்கறேன்" என்று போர்வையை விலக்கினார்.

தலையணை இருந்தது. தலை இல்லை. தலையணைமேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

மாரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். 

"இன்னாங்கடா இது... அதுக்குள்ள எரிச்சு சாம்பலாவே ஆக்கிட்டீங்களா?"

பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கண்ணெதிரே டப்பா இருக்கிறது, டப்பாவுக்குள் ஏதோ கறுப்பாக இருக்கிறது. "கண்ணாஸ்பத்திரியிலயே முடிச்சு அனுப்பிட்டாங்க போல" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். போர்வையை மறுபடி போட்டுவிட்டு மாரியப்பன் பெட்டிமேல் சாய்ந்து ஓவென்று அழுதார்.

"டேய் கிஷ்ணா! ஆறடி ஆளு ஒரு டப்பாவுல அடங்கிட்டியேடா! தோஸ்து தோஸ்துன்னு ஒரே தட்டுல துன்னோமேடா!"

இதற்குள் கிருஷ்ணப்பன் காசிமேட்டிலிருந்து திரும்பியிருந்தார். ஒரு கையில் சங்கரா மீன் பை. தன் கட்டடத்து வாசலில் தார்ப்பாயும் கூட்டமும் பார்த்து, மீனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பின்வரிசையில் நின்றவனைக் கேட்டார்.

"யாருப்பா போயிட்டது?"

அவன் திரும்பாமலே சொன்னான்: "மூணாவது மாடி கிஷ்ணப்பன்."

கிருஷ்ணப்பன் அதை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"எப்படி?"

"கண்ணு ஆபரேஷன்ல. நல்ல மனுசன்பா."

"அவனா? அவன் கோவக்காரனாச்சே."

"செத்தவங்களப் பத்தி அப்டிலாம் பேசாத, பெர்சு."

கிருஷ்ணப்பன் 'நான்தான்டா அது' என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது முன்னாலிருந்து மாரியப்பனின் குரல் கேட்டது. வாய் தானாக மூடிக்கொண்டது.

"நீ சொன்னதுதான்டா கரெக்டு! நான் வுடுன்னுதான்டா கத்துனேன்! பந்து என் கால் நடுவுல பூந்து போச்சுடா! அல்லாரும் எம்மேல பயி போடுவாங்கன்னு உம்மேல போட்டேன்டா!"

கிருஷ்ணப்பன் மீன் பையைத் தரையில் வைத்தார். சாகும்வரை கேட்கக் கிடைக்காது என்று நினைத்திருந்த வார்த்தை. செத்தபிறகு கிடைத்திருக்கிறது. அப்படியே கைகட்டி நின்று கேட்டார்.

காலிக்கூடையோடு பூவம்மா வந்து சேர்ந்தாள். தார்ப்பாயைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, பின்னால் நின்றிருந்த புருஷனிடம் கிசுகிசுத்தாள்.

"யாருய்யா போயிட்டது?"

"நான்தான்."

"கேட்டா ஒயுங்கா பதில் சொல்லு."

"மெய்யாலுமே நான்தான். சொம்மா இரு, மாரியப்பன் சொல்லிகினு கீறான். கேளு."

பூவம்மாவின் மூக்கு மீன் வாசனையைப் பிடித்தது. குனிந்து பையைப் பார்த்தாள். மற்றதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"கண்ணுல தூசி படக்கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சு சொல்லிகீறாரு, நீ காசிமேட்டுக்கா போய் வந்த? வூட்ல ஃபிரிஜ்ஜு பூட்ச்சு, யாருக்குய்யா இவ்ளோ மீனு?"

கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. சிவந்தி ஒரு அலறு அலறிச் சேரோடு சாய்ந்தாள். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் கட்டடத்துக்குள் ஓடிப் புகுந்தார்கள். கிருஷ்ணப்பன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நேராகப் பெட்டிக்கு நடந்தார்.

"இன்னொரு தபா சொல்லு மாரி. பின்னாடி கீறவங்களுக்குச் சரியா கேக்கல."

மாரியப்பன் அவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். முதலில் முகத்தில் வந்தது சந்தோஷம். அதில் சந்தேகமே இல்லை, கை இரண்டும் கட்டிக்கொள்ள நீண்டுவிட்டன. பாதியில் யோசனை வந்து கை நின்றது.

"உசுரோடவா கீற?"

"தெரியல? மீனு வாங்கினு வந்துகீறேன்."

"அப்போ நான் சொன்னதெல்லாம் வாபஸ்."

"அது எப்டிரா வாபஸ்? ஊரே கேட்டுகீது."

"சாவு வூட்ல ஆயிரம் சொல்லுவாங்க. அத்தல்லாம் புடிச்சுத் தொங்குவியா?"

"சாவே இல்லியே. அப்பால இன்னாடா சாவு வூடு?"

 மாரியப்பன் ஆத்திரத்தில் கையிலிருந்த மாலையைக் கிருஷ்ணப்பன் கழுத்திலேயே போட்டார். யாரோ ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்த மேளக்காரர்கள் தெருமுனையில் வந்து திரும்பியதும் அப்போதுதான். மாலை போட்டதைப் பார்த்து அதுதான் சைகை என்று எடுத்துக்கொண்டு, எல்லா மேளமும் ஒன்றாக வெடித்தன.

"நிறுத்துங்க! அல்லாரும் நிறுத்துங்க!"

கையில் கேமராவோடு மாடிப்படியில் செங்கொடி பறந்து வந்தாள். அந்தக் குரலைக் கேட்டு மேளம் நின்றது. டீசல் கேனோடு வந்த டில்லிபாபு வாயைப் பிளந்து நின்றான். அவள் யாரையும் பார்க்கவில்லை. மாலையோடு நின்ற அப்பாவை இடித்துத் தள்ளிவிட்டுப் போர்வையை உருவினாள்.

"வந்துகினு கீது" என்றாள்.

எதற்காக வந்தோம் என்பதே மறந்து, எல்லோரும் கண்ணாடியைச் சுற்றி நெருங்கினார்கள். செங்கொடி டப்பாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள். கூட்டின் முதுகு பிளந்திருந்தது. முதலில் ஒரு கால் வந்தது, நூலைவிட மெலிசு. அது காற்றில் எதையோ துழாவியது. பிறகு இன்னொரு கால். பிறகு தலை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய வேலை செய்தவர் மூச்சு வாங்குவது போல அது அப்படியே கிடந்தது. "முக்கு, முக்கு" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி மெதுவாகச் சொன்னாள். ஒரே உந்தில் முழு உடம்பும் வெளியே வந்து பாசிமேல் ஏறி நின்றது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் பூனைமயிர். கொழுகொழுவென்று ஒரு அரிசிப்பொரி அளவு.

எல்லோரும் இறக்கைக்காகக் காத்திருந்தார்கள். இறக்கை வரவில்லை.

"இறக்கையக் காணோமே" என்றாள் சிவந்தி. "பாவம், ஊனமா?"

செங்கொடியின் முகத்தைப் பார்த்த பூவம்மா பயந்துபோனாள். மகள் அழுதுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஊனம் இல்லக்கா. இதுதான் அது. பொம்பளப் பூச்சிக்கு இறக்கையே கெடையாது. அதான் யார் கண்லயும் படல. அல்லாரும் பறக்கறதயே தேடிகினு இருந்தோம்."

மலை உச்சியில் காற்று அடிக்கிற அடியில், வயிறு நிறைய முட்டையோடு இது பறந்தால் எங்கோ பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும் என்று விளக்கினாள். அதனால் பிறந்த இடத்திலேயே புல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கும். வாசனையைக் காற்றில் விடும். ஆண்பூச்சி அந்த வாசனையைப் பிடித்துத் தேடி வரும்.

"அப்போ மாப்ளதான் வூடு தேடி வரணும்" என்றாள் பூவம்மா. "நல்ல பயக்கமா கீதே."

"இதுக்கு இன்னா சாப்பாடு?" என்று மாரியப்பன் கேட்டார்.

"சாப்பாடே இல்ல, பெரிப்பா. இதுக்கு வாய் கெடையாது. உடம்புல கீற தெம்பு தீர்றவரைக்கும்தான். அதுக்குள்ள மலைக்குப் போவணும். இங்க வாசனை வுட்டா யாரும் வர மாட்டாங்க."

 மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வழக்கமான எண்ணெய் நாற்றம் காற்றில் வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் அது யாருக்காவது வாசனை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கவே பலருக்குச் சங்கடமாக இருந்தது.

"பஸ்ஸுல இந்த வெயில்ல எத்துனு போனா தாங்காது" என்று செங்கொடி சொல்லி முடிப்பதற்குள் டில்லிபாபு வேன் கதவைத் திறந்துவிட்டான்.

"பெட்டியோட ஏத்து. இத்தினி வருசத்துல இதுல உசுரோட ஒருத்தரயும் ஏத்தினதில்ல. ஒரு தபா ஏத்திப் பாக்கறேன்."

கிருஷ்ணப்பன் தானும் வருவேன் என்றார். கண்ணுக்குக் குளிர்ச்சி நல்லது என்றார். சொட்டு மருந்து யார் போடுவது என்று பூவம்மா கேட்டாள். "நான் போடறேன்" என்று மாரியப்பன் வேனில் ஏறி உட்கார்ந்தார். "இவன் உசுரோட கீறான்னு ஊருக்கு நான்தான் சாட்சி. நடுவுல எதுனா ஆயிப்போச்சுன்னா மாலைக்கு இன்னொரு தபா செலவு பண்ண முடியாது." அவர் வாங்கிவந்த மாலை இன்னும் கிருஷ்ணப்பன் கழுத்தில்தான் இருந்தது. பூவம்மா சங்கரா மீனை வறுத்துத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தாள்; வரும்போது காய்கறி வாங்கிவரச் சொன்னாள்.

மறுநாள் காலை, மலையடிவாரச் சோதனைச்சாவடியில் வேனை நிறுத்தினார்கள். காவலர் உள்ளே பார்த்தார். ஐஸ் பெட்டி, அதன்மேல் வாடிய மாலை, இரண்டு பக்கமும் கம்பளி போர்த்திய இரண்டு கிழவர்கள். குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, யாருங்க போயிட்டாங்க?"

"யாரும் போவல சார்" என்றாள் செங்கொடி. "நேத்துதான் பொறந்துச்சு."

காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அடப்பாவமே, பச்சக் கொழந்தைங்களா?"

அவரை உள்ளே அழைத்துக் காட்டவேண்டியதாயிற்று. தலையணைமேல் நடந்துகொண்டிருந்த பூச்சியைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வண்டி வரிசை பின்னால் ஹாரன் அடித்தது. "இதுக்கா இத்தா பெரிய வண்டி?" என்றார். பிறகு, "மேல மழைங்க, பாத்துக் கூட்டிட்டுப் போங்" என்று கையசைத்து அனுப்பினார்.

உச்சிப் புல்வெளிக்குக் கடைசித் தூரம் நடந்துதான் ஏறவேண்டும். கிருஷ்ணப்பனுக்கு மூச்சு வாங்கியது. மாரியப்பன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே திட்டினார். "ஆறடி ஒடம்பு, அரயடி மூச்சு." மேலே காற்று ஆளையே தள்ளியது. மேகம் புல்லை உரசிக்கொண்டு போனது. செங்கொடி ஒரு புல்தூரின் ஓரத்தில் பூச்சியை மெதுவாக இறக்கி விட்டாள். அது ஒரு புல்தாளைப் பிடித்து ஏறி, வால்நுனியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

"வாசன வுட ஆரம்பிச்சிடுச்சு" என்றாள்.

மாரியப்பன் குனிந்து மோந்து பார்த்தார். "ஒண்ணும் வரலியே."

"உனுக்கு வந்தா நீ மாப்ள" என்றார் கிருஷ்ணப்பன்.

நால்வரும் ஈரப்புல்லில் குந்தினார்கள். டில்லிபாபுவின் பல் கிடுகிடுவென்று அடித்தது. தூக்குச்சட்டி மீன் காலியாயிற்று. மேகம் வந்தது, விலகியது, மறுபடி வந்தது. யாரும் வரவில்லை.  தன்னால் அது ஊர் விட்டு ஊர் அலைந்து, நேரம் தப்பிப்போயிற்றோ என்ற பயம் செங்கொடி முகத்தில் தெரிந்தது. கிருஷ்ணப்பன் அவள் முதுகைத் தடவினார். "வருவாம்மா. மழைல லேட்டாவும்."

முதலில் பார்த்தவன் டில்லிபாபுதான். காற்றுக்கு எதிராக ஒரு சாம்பல் துணுக்கு தள்ளாடி வந்தது. இரண்டு முழம் முன்னேறினால் ஒரு முழம் பின்னால் போனது. புல்தூரைத் தாண்டிப் போய்விட்டது. மாரியப்பன் எழுந்து, "டேய், இங்கடா! ரிவர்ஸு!" என்று கத்தினார். அது அவர் காலர்மேல் உட்கார்ந்து இளைப்பாறியது. கையால் தட்டப் போனவரை மற்ற மூவரும் பாய்ந்து பிடித்தார்கள். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றார். துணுக்கு எழும்பி, காற்று ஓய்ந்த ஒரு நொடியில் நேராகப் புல்லில் இறங்கியது. இறக்கையைப் பரபரவென்று அடித்தபடி தாளில் ஏறிப் பெண்பூச்சியிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வந்தன. தாமதமாக வந்ததால் சும்மா சுற்றிவிட்டுப் போயின.

செங்கொடி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கிருஷ்ணப்பன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வேறு பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்தார். "சொட்டு மருந்து" என்றார். மருந்து நேரம் இன்னும் ஆகவில்லை என்று மாரியப்பனுக்குத் தெரியும். இருந்தாலும் சட்டைப்பையில் பாட்டிலைத் தேடினார்.

செங்கொடி மலையிலேயே தங்கிவிட்டாள். மற்ற மூவரும் வழியில் ஒரு தோட்டத்தில் காரட்டும் பீட்ரூட்டும் கோஸும் வாங்கினார்கள். அடுத்த நாள் வியாசர்பாடியில் வேன் வந்து நின்றது. பெட்டியின் கண்ணாடியைத் தூக்கி, குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் பங்கு பிரித்தார்கள். ஐஸ் பெட்டியில் வந்த காரட்டைத் தொட மாட்டேன் என்றாள் சிவந்தி. மாரியப்பன் எல்லோரும் பார்க்க ஒன்றைக் கழுவாமலே கடித்துத் தின்று காட்டினார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரி, "இந்தாளு எதத் துன்னாலும் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிப் போய்விட்டாள். மிச்சமிருந்த காரட்டையெல்லாம் பூவம்மா அல்வாவாகக் கிண்டினாள். பெட்டியில் வந்தது என்று சொல்லாமல் கொடுத்தபோது சிவந்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றாள்.

சில வாரம் கழித்துச் செங்கொடி போன் செய்தாள். முட்டைகள் பொரிந்துவிட்டன, எறும்பைவிடச் சின்னதாகப் புழுக்கள் புல்லில் ஊர்கின்றன என்றாள். பூவம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். கிருஷ்ணப்பனும், டீ குடிக்க வந்திருந்த மாரியப்பனும் காதை நீட்டினார்கள்.

"அதுல எம்மாம் ஆம்பளை, எம்மாம் பொம்பள?" என்று மாரியப்பன் கேட்டார்.

"இப்ப தெரியாது பெரிப்பா. வளரணும்."

"பொம்பளதான் ஜாஸ்தி இருக்கும்" என்றார் கிருஷ்ணப்பன்.

"ஆம்பளதான்" என்றார் மாரியப்பன்.

பூவம்மா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, கதவைச் சாத்தினாள். "நீ சொல்லும்மா, அங்க மழையா?" என்று கேட்டாள்.